இறக்கத்துக்கும் பழக்கம் வேண்டும்

சைக்கிளில் மேடு ஏறியதைப் பெருமையாகப் பேசுவோம். இறங்கியதை யாரும் பேசுவதில்லை. மிதிக்கவும் வேண்டாம், மூச்சும் வாங்காது. அதில் கற்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. விழுந்தால் பலமாக அடிபடும் இடமே அதுதான்.

ஜொகூர்வாசிகள் இதை மறந்திருக்க மாட்டார்கள். 2017 பிப்ரவரி 18 அதிகாலை, ஜொகூர் பாருவின் ஜாலான் லிங்காரான் டாலாமில் ‘பாசிக்கால் லாஜாக்’ ஓட்டிய பிள்ளைகள் கூட்டத்தில் கார் மோதி எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். பொறுப்பு யாருடையது என்ற வழக்கு 2023 வரை நடந்தது. அதற்குள் நான் போகவில்லை. அந்த வகை சைக்கிளில் வழக்கமாக எப்படி இறங்குகிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள். பிரேக்கைக் கழற்றிவிட்டு, இருக்கையில் வயிற்றை வைத்து, காலைப் பின்னால் நீட்டிக் குப்புறப் படுப்பார்கள். காற்றின் தடை குறைந்து வேகம் கூடும். நிறுத்தத்தான் வழியில்லை.

இந்த வேக ஆசை பெரியவர்களையும் விடவில்லை. 2016 டூர் டி பிரான்ஸில் கிறிஸ் ஃபுரூம், இருக்கையை விட்டுச் சட்டகத்தின் மேல் குழாயில் உட்கார்ந்து மலையிறங்கி, அன்றைய ஓட்டத்தை வென்றார். பலரும் அதைப் பழகினார்கள். 2021 ஏப்ரலில் அனைத்துலகச் சைக்கிள் சம்மேளனம் பந்தயங்களில் அந்த அமர்வையே தடை செய்தது.

அப்படியானால் சரியான அமர்வு எது? எந்த நொடியிலும் நிறுத்த முடிகிற அமர்வுதான்.

ரோட் பைக்கில் வளைந்த கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பிடியுங்கள். உடல் தாழும், பிரேக்கை அழுத்தப் பலமும் கிடைக்கும். இரண்டு பிரேக்கிலும் விரல் இருக்கட்டும். முழங்கையை லேசாக மடக்குங்கள்; விறைத்த கை ஒவ்வொரு குழியையும் தோளுக்கு அனுப்பும். நேர் சாலையில் பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க, இடுப்பைச் சற்றே பின்னால் தள்ளுங்கள்.

வளைவில் முக்கியமானது ஒன்று: வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். உள்ளே போனபின் பதறிப் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். இடப்பக்கம் திரும்பும்போது வலது பெடல் கீழே இருக்கட்டும். அதன்மீது உடல் பாரத்தை வையுங்கள். வலப்பக்கம் என்றால் இடது பெடல். கண் முன்சக்கரத்தில் அல்ல, வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். கண் போகும் பக்கமே வண்டியும் போகும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுவீர்கள். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். கோத்தா திங்கி, தெசாரு பக்கம் செம்பனை லாரிகள் ஓடும் சாலைகளில், மழை பெய்த காலையில், மணலும் வெள்ளைக் கோடும்கூட வழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சைக்கிள் ஓட்டும் பிள்ளை இருந்தால், இன்றே அந்த வண்டியின் இரண்டு பிரேக்கையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிரேக்கே இல்லையென்றால் திட்ட வேண்டாம். கூட்டிப்போய் மாட்டிக் கொடுங்கள். பிறகு ஒரு சின்ன மேட்டிலிருந்து மெதுவாக இறங்கக் கற்றுக்கொடுங்கள். வேகத்தை அவர்கள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள். நிற்பதற்குத்தான் நாம் வேண்டும்.