கட்டுரை வாசிக்கும் சடங்கு

கலியாணம், கருமாதி, கும்பாபிஷேகம் என்கின்ற சடங்குகள் நம் நாட்டுக்குப் போதாதென்று, கொஞ்ச காலமாய் "மகாநாட்டில் கட்டுரை வாசித்தல்" என்பதாக ஒரு புதுச் சடங்கு தமிழ் படித்தவர்களுக்குள் பரவி வருகின்றது. மற்றச் சடங்குகளுக்காவது புரோகிதன் நம் வீடு தேடி வருவான். இந்தச் சடங்குக்கோ, நாமே முன்பணம் கட்டிவிட்டு, ரயிலேறி, புரோகிதர் இருக்குமிடம் தேடிப் போகவேண்டும். இங்கே தட்சணைக்குப் பதிவுக் கட்டணம் என்று பெயர். பிரசாதத்திற்குச் சான்றிதழ் என்று பெயர். ஓதுகின்றவனும் யோசிப்பதில்லை, கேட்கின்றவனும் யோசிப்பதில்லை என்பதில் மாத்திரம் பழைய சடங்குக்கும் புதிய சடங்குக்கும் வித்தியாசம் கிடையாது.

இப்படிச் சொல்லுவதைக் கொண்டு நாம் தமிழ் ஆராய்ச்சிக்கே விரோதி என்று சில பண்டிதர்கள் கூப்பாடு போடக்கூடும். சங்கதி அப்படியல்ல. மகாநாட்டில் வாசிக்கப்பட்ட ஒரே ஒரு கட்டுரை ஒரு பாஷையின் சரித்திரத்தையே வெளிச்சத்துக்குக் கொண்டுவரக்கூடும் என்பது நமக்கு நன்றாய்த் தெரியும். 1924ஆம் வருஷத்தில் அகில இந்தியக் கீழ்த்திசை மகாநாடு மூன்றாவது முறையாகச் சென்னையில் கூடிற்று. அதில் கே.வி. சுப்பிரமணிய அய்யர் என்பவர், பாண்டிய நாட்டு மலைக்குகைகளில் வெட்டப்பட்டிருக்கும் பழைய பிராமி எழுத்துக்களைப் பற்றி ஒரு கட்டுரை கொடுத்தார். அதற்கு முன் அவற்றைப் படிக்க முயன்றவர்கள், அது பாலியாகவோ பிராகிருதமாகவோதான் இருக்கவேண்டும் என்று நினைத்துத் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். அய்யரோ, தமிழுக்கே உரிய ழ, ள, ற, ன என்கின்ற எழுத்துக்களின் வடிவங்கள் அவற்றில் இருப்பதை எடுத்துக்காட்டி, கல்லில் இருப்பது தமிழ்தான் என்று நிரூபித்தார். எழுதியவர் பார்ப்பனராயிற்றே என்று அதைத் தள்ளுகின்றவன் பகுத்தறிவுக்காரனாகமாட்டான். கல் அங்கேயே இருக்கின்றது. சந்தேகப்படுகின்றவன் மாங்குளம் மலையேறித் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். யார் சொன்னார் என்பது அங்கே கேள்வியே அல்ல. கட்டுரை என்றால் அதுவல்லவா கட்டுரை!

அந்தக் கட்டுரைக்கு நம் பண்டித உலகம் செய்த மரியாதை என்னவென்றால், ஏறக்குறைய நாற்பது வருஷ காலம் அதைத் தூங்கவிட்டதுதான். பிறகு ஐராவதம் மகாதேவன் என்பவர் 1960களில் மறுபடியும் குகை குகையாய் ஏறி, எழுத்து எழுத்தாய்ச் சரிபார்த்து அந்த ஆராய்ச்சியை முன்னே கொண்டுபோனார். 1968 ஜனவரியில் சென்னையில் நடந்த இரண்டாவது உலகத் தமிழ் மகாநாட்டில் சங்க காலக் கல்வெட்டுக்களைப் பற்றி அவர் கட்டுரை கொடுத்தார். அந்த மகாநாட்டைப் பற்றி இன்றைக்கு யாரைக் கேட்டாலும் "கடற்கரையில் பத்துச் சிலைகள் வைத்தார்களே, அதுதானே?" என்பார்கள். (அந்தப் பத்தில், கணவன் சாவுக்காக ஊரைக் கொளுத்திய கண்ணகியும் ஒருத்தி. அவளுக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தமோ நமக்கு விளங்கவில்லை.) சிலை ஞாபகமிருக்கின்றது, ஊர்வலம் ஞாபகமிருக்கின்றது, கட்டுரை ஞாபகமில்லை.

இதற்குக் காரணத்தைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. "சங்கம்" என்றவுடன் நம் பண்டிதர்களுக்கு நினைவு வருகின்ற கதைகளைப் பார்த்தாலே போதும். இறையனார் அகப்பொருள் உரையில் சொல்லியிருக்கின்றபடி, முதற்சங்கம் 4440 வருஷமும், இடைச்சங்கம் 3700 வருஷமும், கடைச்சங்கம் 1850 வருஷமும் நடந்தனவாம். முதற்சங்கத்தில் சிவன், முருகன், குபேரன் ஆகியவர்கள் அங்கத்தினர்களாம். கடவுள்களே அங்கத்தினராயிருந்த சபையில் "இதற்கு ஆதாரம் என்ன?" என்று எவன் எழுந்து கேட்டிருப்பான்?

கேட்ட ஒருவனுடைய கதியைத் திருவிளையாடற் புராணத்தில் பாருங்கள். கலியாணத்துக்குப் பணமில்லாத தருமி என்கின்ற ஒருவன், சிவன் எழுதிக்கொடுத்த பாட்டைத் தன் பாட்டென்று பொற்கிழிக்காகச் சபையில் கொண்டுபோய்க் கொடுக்கின்றான். இன்றைக்குக் கூலி கொடுத்துக் கட்டுரை எழுதி வாங்கிக்கொண்டு வருகின்ற ஆசாமிகளுக்கு ஆதி குரு இந்தத் தருமிதான். கூலி வாங்காமலேயே எழுதிக்கொடுத்தவர் கடவுள் என்பதுதான் வித்தியாசம். நக்கீரன் பாட்டிலே குற்றம் சொல்லுகின்றான். எழுதியவர் என்ன செய்தார்? பதில் சொன்னாரா? மேற்கோள் காட்டினாரா? நெற்றிக்கண்ணைத் திறந்தார்! நக்கீரன் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தான். நம் மேடைப் பேச்சாளர்கள் நக்கீரனின் வீரத்தை இத்துடன் நிறுத்திவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடுகின்றார்கள். புராணமோ நிறுத்தவில்லை. அவன் மன்னிப்புக் கேட்டுத் துதி பாடிக் கரையேறினதாகவும், பிறகு அவனுக்கு இலக்கணம் போதாதென்று அகத்தியரைக் கொண்டு பாடம் சொல்லிக்கொடுக்கச் செய்ததாகவும் சொல்லுகின்றது. அதாவது குற்றம் கண்டுபிடித்தவன்தான் குற்றவாளி என்பது புராணத்தின் முடிவு.

அதே அகப்பொருள் நூலுக்குப் புலவர்கள் உரை எழுதியபோது, எது மெய்யுரை என்று தீர்மானித்தவன் யார் தெரியுமா? அய்ந்து வயதுள்ள ஓர் ஊமைப் பிள்ளை! எந்த உரையைக் கேட்டபோது அவன் கண்ணீர் விட்டு மயிர் சிலிர்த்தானோ அதுவே மெய்யுரையாம். இன்றைக்கும் நம் மகாநாட்டுத் தலைவர்கள் பலர் இந்த முறையைத்தான் கையாளுகின்றார்கள். கட்டுரையைக் கேட்டுப் புல்லரித்தது என்று சொல்லிச் சால்வை போடுவதோடு தீர்ப்பு முடிந்துவிடுகின்றது.

தொல்காப்பியத்தின் பாயிரம் வேறுவிதமாய்ச் சொல்லுகின்றது. பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் என்பவன் உட்கார்ந்து குற்றமறக் கேட்க, நூலைச் செய்தவன் தெரிவித்தான் என்கின்றது. அங்கே நெற்றிக்கண்ணும் இல்லை, மயிர்க்கூச்செறிதலும் இல்லை. தொல்காப்பியத்தைத் தலைமேல் வைத்துக் கூத்தாடுகின்றவர்கள் அந்த அதங்கோட்டாசானுடைய நாற்காலியை மட்டும் ஏன் காலியாய் விட்டிருக்கின்றார்கள் என்று கேட்கின்றோம்.

நிற்க. இந்தப் பழைய வியாதிக்கு மேல் சர்க்கார் விதிகள் ஒரு புது வியாதியையும் சேர்த்துவிட்டன. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் போட்ட விதியில், ஓர் ஆசிரியர் வெளிநாட்டு மகாநாட்டில் கட்டுரை வாசித்தால் 7 மதிப்பெண், உள்நாட்டில் நடக்கும் சர்வதேச மகாநாட்டில் வாசித்தால் 5, தேசிய மகாநாடு என்றால் 3, மாநில அளவில் என்றால் 2 என்பதாக விலை நிர்ணயம் செய்யப்பட்டது. 2016ஆம் வருஷத்து விதியோ, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கின்றவர் இரண்டு கட்டுரை வாசித்தாகவேண்டும் என்றது. இந்தக் கட்டாயம் 2022ஆம் வருஷத்து விதியில் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பழகிப்போன வியாபாரம் நின்றுவிடுமா?

3 மதிப்பெண்ணுக்கும் 5 மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எப்படிச் சம்பாதிக்கப்படுகின்றதென்றால், இலங்கையிலிருந்தோ மலேயாவிலிருந்தோ ஒருவரை அழைத்து அரைமணி நேரம் பேசச் சொல்லுவது. அவர் நேரில் வராமல் திரையில் முகத்தைக் காட்டினாலும் போதும். உடனே கல்லூரி வாசலில் "பன்னாட்டுக் கருத்தரங்கம்" என்று பதாகை ஏறிவிடும். நூற்றுக்கணக்கான கட்டுரைகள் முதல் நாள் இரவே புத்தகமாகி, தடித்தடி தொகுதிகளாய் மேசைமேல் வந்துவிடும். ஒருவரும் வாசிப்பதற்கு முன்பே, ஒருவரும் கேள்வி கேட்பதற்கு முன்பே அச்சாகிவிட்ட கட்டுரையில் திருத்துவதற்கு என்ன இருக்கின்றது? பிறகு எதற்காகக் கூடுகின்றார்கள் என்றால், போட்டோ எடுத்துக்கொள்ளுவதற்காகத்தான்.

போன வருஷம் நாம் நேரில் பார்த்த ஒரு சங்கதியைச் சொல்லுகின்றோம். கல்லூரியின் பெயர் வேண்டாம். சொன்னால் அது ஒன்றுதான் குற்றவாளி என்பதுபோல் ஆகிவிடும். நெசவுத் தொழில் செய்யும் குடும்பத்திலிருந்து முதன்முதலாய்ப் படிக்க வந்த ஒரு பெண், 1200 ரூபாய் கட்டணம் செலுத்திவிட்டுக் கட்டுரை வாசிக்க வந்திருந்தாள். அவள் வீட்டில் அது சில நாள் கூலி. பாவு, ஊடை, விழுது, அச்சு என்று தறியைச் சுற்றி அவள் ஊரில் வழங்குகின்ற சொற்களையெல்லாம் கிழவர்களிடமும் கிழவிகளிடமும் கேட்டுத் தொகுத்து, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாய் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியோடு ஒப்பிட்டு, எவை அதில் இல்லை, எவற்றுக்குப் பொருள் மாறியிருக்கின்றது என்று குறித்து வைத்திருந்தாள். காலையில் சரஸ்வதி படத்துக்கு விளக்கேற்றி, தமிழ் சிவனுடைய உடுக்கையிலிருந்து பிறந்தது என்று சிறப்பு விருந்தினர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். அதனால் நேரம் போய்விட்டது. சாயங்காலம் இந்தப் பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டு, நாலு நிமிஷம் ஆவதற்குள் மணி அடித்து, "சுருக்கமாய் முடியம்மா" என்றார்கள். ஒரு கேள்வி கிடையாது. அடுத்தாற்போல் ஓர் உதவிப் பேராசிரியர் திருவாசகத்தில் அணு விஞ்ஞானம் இருப்பதாக வாசித்தார். இரண்டு பேருக்கும் ஒரே அளவு கைதட்டல், ஒரே மாதிரிச் சான்றிதழ்.

அந்தப் பெண்ணின் 1200 ரூபாய் போனது ஒருபுறமிருக்கட்டும். அவள் கொண்டுவந்த சொற்கள் எங்கே போயின? அந்தக் கிழவர்கள் செத்துப்போனால் அவற்றைத் திரும்பச் சொல்ல ஆள் ஏது? "தமிழ் வாழ்க" என்று பதாகை கட்டிய மண்டபத்துக்குள்ளேயே, வாழ்ந்துகொண்டிருக்கின்ற தமிழுக்கு மணியடித்து வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றால், இந்தக் கூட்டத்துக்குத் தமிழ் மகாநாடு என்று பெயர் வைக்க என்ன யோக்கியதை இருக்கின்றது?

மேடைகளில் தமிழுக்கு அய்ம்பதாயிரம் வருஷம் வயது என்கின்றார் ஒருவர். கடலில் மூழ்கிய கண்டத்தில்தான் மனிதன் பிறந்தான் என்கின்றார் மற்றொருவர். இவர்களை மறுத்துக் கேட்டால் தமிழ்த் துரோகி என்கின்றார்கள். கீழடியில் என்ன நடந்தது? 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரியை அமெரிக்காவிலுள்ள ஒரு சோதனைச்சாலைக்கு அனுப்பினார்கள். கி.மு. 580 என்று காலம் கிடைத்ததாக 2019இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டது. அந்தச் சோதனைச்சாலைக்காரன் தமிழனுமல்ல, தமிழுக்கு விரோதியுமல்ல. கரியின் காலத்தைச் சொன்னான். அந்தக் கரி எந்த மண்ணடுக்கில் கிடைத்தது, அதனோடு கிடைத்த எழுத்துள்ள பானை ஓடுகளும் அதே காலந்தானா என்று கேள்வி கேட்கின்றவர்கள் இருக்கின்றார்கள். கேட்கட்டுமே! மேலும் தோண்டிப் பதில் சொல்லிக்கொள்ளலாம். 9990 வருஷத்துச் சங்கக் கதைக்குத் தோண்டுவதற்கு இடமேது?

"என்ன இருந்தாலும் பிள்ளைகளுக்கு மேடைப் பழக்கம் வரவேண்டாமா?" என்று சில ஆசிரியர்கள் சமாதானம் சொல்லுகின்றார்கள். வரட்டும். அதற்கு வகுப்பறை போதாதா? அங்கே கட்டணமும் கிடையாது. பதினைந்து பேர் உட்கார்ந்து ஒருவனுடைய கட்டுரையை ஒரு மணி நேரம் பிய்த்து அலசினால், அதில் வருகின்ற பழக்கம் பத்து மகாநாட்டில் நாலு நாலு நிமிஷம் நின்றுவிட்டு வந்தாலும் வராது. தவிரவும், சம்பளம் வாங்குகின்ற பேராசிரியருக்கும் கூலிக்காரன் மகளுக்கும் ஒரே கட்டணம் என்பது சமத்துவமல்ல, அது சுரண்டல்தான்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இது. அழைப்பிதழ் கைக்கு வந்தவுடன் பணம் அனுப்பாதீர்கள். நடத்துகின்றவர்களுக்கு முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். என் கட்டுரையை வாசித்துப் பார்ப்பவர் யார், அவருக்கு இந்த விஷயத்தில் என்ன பழக்கம் என்று கேளுங்கள். தள்ளினால் காரணம் எழுதி அனுப்புவீர்களா, போன தடவை எத்தனை கட்டுரைகளைத் தள்ளினீர்கள் என்று கேளுங்கள். வாசித்த பிறகு கேள்விக்கு எத்தனை நிமிஷம், வசூலாகும் பணத்துக்குக் கணக்குக் காட்டுவீர்களா என்றும் கேளுங்கள். ஒரு வாரம் பாருங்கள். பதில் வராவிட்டால் அந்த 1200 ரூபாய்க்குப் பேருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டு, இன்னும் பேசாத கிழவிகள் இருக்கும் பக்கத்து ஊருக்குப் போங்கள்.