ரயிலா, விமானமா?



தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

ஆறு வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், மே மாத லீவில் குடும்பத்தோடு ஐரோப்பா போகிறார்கள். அவர், கணவர், ஒன்பது வயதுப் பையன், மூன்று வயதுப் பெண், 67 வயது மாமியார். பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம் என்று பன்னிரண்டு நாள். ஊருக்கு ஊர் விமானத்தில் போய், கடைசியில் ரோமிலிருந்து பாரிஸுக்கே பறந்து வந்து, அங்கிருந்து வீடு திரும்புவதாகக் கணவர் கணக்குப் போட்டிருக்கிறார். ஜெர்மனியில் இருக்கும் நாத்தனாரோ, "அண்ணி, ரயில்ல போங்க, அதுதான் சுகம்" என்கிறாராம். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

கடிதத்தின் கடைசிப் பாராதான் என்னை உட்காரவைத்தது. "அத்தை நேத்து ராத்திரி, 'எனக்கு முழங்கால் வலி. நான் வந்தா உங்களுக்கெல்லாம் இழுபறி. நான் வீட்டைப் பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க'ன்னு சொல்லிட்டாங்க. இவர் ஒண்ணும் பேசலை. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை, அம்மா."

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் அதிகப்படி உரிமை உண்டு. 2018-ல் பெண், மாப்பிள்ளை, பேரக்குழந்தைகளோடு நாங்கள் போனபோது, அந்தக் கூட்டத்தில் முழங்கால் வலிக்காரி நான்தான்!

முதலில் எங்கள் கதையைக் கேளுங்கள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மலிவு விமானத்தில் டிக்கெட் எடுத்தார் மாப்பிள்ளை. நம் ஊர் பஸ் கட்டணம் மாதிரி இருந்தது. அந்த விமான நிலையம் ஊருக்கு வெகு தூரத்தில் இருக்கிறதென்பது பிறகுதான் தெரிந்தது. விடியற்காலை மூன்றரைக்குத் தூங்குகிற குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தோம். விமானத்தில் ஏறும் வாசலில் நிறுத்தி, "இந்தப் பை பெரிசு, அந்தப் பை பெரிசு" என்று ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டச் சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால் டிக்கெட்டைவிடப் பைக்குக் கொடுத்தது அதிகம். இறங்கும்போது சின்னவள் காதைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆக, மலிவு என்பது டிக்கெட்டில் போட்டிருக்கும் தொகையில் இல்லை.

அதற்காக ரயில்தான் உத்தமம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன். வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுகிற மாதிரி, வாசலிலிருந்து வாசல்வரை நேரத்தை எழுதிப் பாருங்கள்.

பாரிஸிலிருந்து சூரிக். விமானம் வானத்தில் பறப்பது சுமார் ஒன்றேகால் மணிதான். ஆனால் சார்லஸ் டி கால் விமான நிலையம் நகரிலிருந்து 25 கி.மீ.; குழந்தை குட்டியோடு போக ஒரு மணி. இரண்டு மணி நேரம் முன்னதாகப் போகவேண்டும். இறங்கியபின் பெட்டி வர அரை மணிக்கு மேல். நகருக்குள் வரக் கால் மணி. எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி. ரயில் நாலு மணி சொச்சம். பாரிஸ் கார் டி லியோன் ஸ்டேஷனில் ஏறினால் சூரிக் நகரின் நடுவில் இறக்கிவிடுகிறது. ஸ்டேஷனுக்குப் போகும் நேரம், காத்திருக்கும் நேரம் சேர்த்தால் அதுவும் ஐந்து மணிதான்.

நேரம் சமம் என்றால் வித்தியாசம் எதில்? விமானத்தில் அந்த ஐந்து மணி துண்டு துண்டாகப் போகிறது. வரிசையில் நில், ஷூவைக் கழற்று, பையைத் திற, நட, காத்திரு, மறுபடி நட. ரயிலில் நாலு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரலாம். முழங்கால் பிடித்துக்கொண்டால் எழுந்து நாலடி நடக்கலாம். மூன்று வயதுக்காரிக்கு எதிரிலேயே கழிப்பறை. இதெல்லாம் தாய்மார்களுக்குத்தான் தெரியும்!

இப்போது பாரிஸிலிருந்து நேரே ரோம். இதே கணக்கில் விமானத்துக்கு ஆறரை மணி ஆகும். ரயிலிலோ வழியில் மாறி ஏறி, பத்து மணிக்கு மேல் ஆகிவிடும். ஒரே பகலில் குழந்தைகளோடு அப்படிப் போவது தண்டனை. அங்கே விமானம்தான் சரி.

ஆகவே என் விதி இது: ரயிலில் நாலு மணி வரை என்றால் யோசிக்காமல் ரயில். ஆறு மணிக்கு மேல் என்றால் விமானம், அல்லது நடுவில் ஒரு ஊரில் ராத்தங்கல். இரண்டுக்கும் நடுவே என்றால் உங்கள் வீட்டுக் குழந்தைகளின் குணத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிரான்ஸ் தேசத்தில் 2023-லிருந்து, இரண்டரை மணிக்குள் ரயிலில் போகக்கூடிய சில உள்நாட்டுத் தடங்களில் விமானமே கூடாதென்று சட்டமாக்கிவிட்டார்கள். புகையைக் குறைக்கத்தான்.

தஞ்சாவூர் வாசகியின் பாதைக்கு வருவோம். பாரிஸிலிருந்து சூரிக் நாலு மணி. அங்கிருந்து லூசெர்ன் முக்கால் மணி சொச்சம். லூசெர்னிலிருந்து மிலன் சுமார் மூன்றேகால் மணி. வழியில் 2016-ல் திறந்த 57 கி.மீ. நீளக் கோத்தார்ட் சுரங்கம். உலகத்திலேயே நீளமான ரயில் சுரங்கம், பையனிடம் சொல்லிவையுங்கள். மிலனில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் இரண்டரை மணியில் வெனிஸ். வெனிஸிலிருந்து ரோம் சுமார் நாலு மணி. பாருங்கள், எதுவும் நம் விதியைத் தாண்டவில்லை.

மிச்சமிருப்பது ரோமிலிருந்து பாரிஸ் திரும்புவது. அது எதற்கு? ஊரிலிருந்து டிக்கெட் எடுக்கும்போதே, போவது பாரிஸுக்கு, திரும்புவது ரோமிலிருந்து என்று கேட்டு எடுங்கள். அநேகமாக எல்லாப் பெரிய விமானக் கம்பெனியும் அப்படித் தரும். விலை கொஞ்சம் கூடினாலும், வீணாகும் ஒரு நாளும் ஐந்து பேருக்கான விமான டிக்கெட்டும் மிச்சம். இந்த ஒரு யோசனையை மட்டும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், அவர் கணக்கே மாறிவிடும்.

அடுத்தது பாஸா, தனித்தனி டிக்கெட்டா? நம்மைப் போல ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில் பாஸ் உண்டு. நாலு முதல் பதினொரு வயது வரை பெரியவர் ஒருவருக்கு இரண்டு குழந்தைகளுக்கு இலவசம். நாலு வயதுக்குள் பாஸே வேண்டாம். அறுபதுக்கு மேல் பத்து சதவீதம் தள்ளுபடி. கேட்க இனிக்கிறது. ஆனால் பிரான்ஸ், இத்தாலி வேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்டியாகவேண்டும். உங்களைப் போல ஐந்தே பயணம், தேதியும் முன்கூட்டியே தெரியும் என்றால், இரண்டு மூன்று மாதம் முன்பே தனித்தனி டிக்கெட் எடுப்பது பெரும்பாலும் சிக்கனம். இஷ்டம்போல் நினைத்த நாளில் நினைத்த ஊருக்குப் போகிறவர்களுக்குத்தான் பாஸ். இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சில குறிப்புகளைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸ்-சூரிக் ரயில் இரண்டு தட்டு உள்ளது. பதிவு செய்யும்போதே கீழ்த்தட்டு கேளுங்கள். பெட்டியும் முழங்காலும் மாடிப்படி ஏறவேண்டாம்.

பெட்டியை யாரும் எடை போடமாட்டார்கள். ஆனால் போர்ட்டரும் வரமாட்டார். தலைக்கு ஒரு பெட்டி, அதுவும் நீங்களே ஒரு கையால் தூக்கக்கூடியதாக இருக்கட்டும். "இருக்கட்டுமே" என்று வைக்கிற ஐந்தாவது பட்டுப்புடவையை வீட்டிலேயே விடுங்கள்.

வெனிஸில் மெஸ்ட்ரே என்று ஒரு ஸ்டேஷன் முதலில் வரும். அவசரப்பட்டு இறங்காதீர்கள், அது தரைப்பக்கம். அடுத்து வரும் சாந்தா லூச்சியாதான் தண்ணீர் நகரம். வெளியே வந்தால் கால்வாய்!

சுவிட்சர்லாந்தின் சில இரண்டு தட்டு ரயில்களில் குழந்தைகளுக்கென்றே சறுக்குமரத்தோடு ஒரு பெட்டி உண்டு. ஏறியதும் விசாரியுங்கள்.

ஷெங்கன் தேசங்களுக்குள் ஒரே விசா போதும். ஆனாலும் எல்லையில் சில சமயம் ரயிலுக்குள் வந்து பார்ப்பார்கள். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டிக்குள் பூட்டாதீர்கள். லண்டனையும் சேர்க்கிறவர்கள் கவனிக்கவும்: அதற்குத் தனி விசா. லண்டன் போய்விட்டு மறுபடி பாரிஸ் வருவதானால், ஷெங்கன் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்கவேண்டும்.

ரயிலில் புளியோதரை, சப்பாத்தி எது வேண்டுமானாலும் கொண்டுபோய்ச் சாப்பிடலாம். விமானத்தில் கைப்பையில் தயிர், தொக்கு எல்லாம் திரவக் கணக்குதான். பல விமான நிலையங்களில் நூறு மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு. இன்னொன்று: ஊரிலிருந்து பால் பொருள், மாமிசம் எடுத்துப்போக ஐரோப்பாவில் அனுமதி இல்லை. ஆகவே பால்கோவா வேண்டாம், பருப்புப்பொடி போதும்.

குழந்தையின் காது விஷயம். விமானம் இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் மாறுகிறது. காதையும் தொண்டையையும் இணைக்கும் சின்னக் குழாய் குழந்தைகளுக்குச் சட்டென்று திறப்பதில்லை. அதனால்தான் வலி. விழுங்கினால் திறக்கும். ஆகவே இறங்கத் தொடங்குமுன் தூங்குகிற குழந்தையை எழுப்பி, கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலோ பாட்டிலோ, பெரிய குழந்தைக்கு உறிஞ்சிக் குடிக்கத் தண்ணீரோ கொடுங்கள். சின்னக் குழந்தைக்குக் கெட்டி மிட்டாய் வேண்டாம், தொண்டையில் சிக்கும். சளி, காதுவலி இருந்தால் கிளம்புமுன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ரயிலுக்கும் குறை உண்டு, மறைக்கமாட்டேன். ஜெர்மனியில் 2024-ல் நெடுந்தூர ரயில்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் தாமதம். இத்தாலியிலும் பிரான்ஸிலும் வேலைநிறுத்தம் வந்தால் திட்டம் தலைகீழாகும். அதனால் ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முதல் நாள் ராத்திரியே ரோமில் இருந்துவிடுங்கள். பெரிய ஸ்டேஷன்களில் ஜேப்படிக்காரர்களும் உண்டு; பணப்பை முன்பக்கம் இருக்கட்டும்.

இனி அத்தை விஷயம்.

சகோதரி, 'நான் வரலை' என்று உங்கள் அத்தை சொன்னதற்கு 'வர ஆசையில்லை' என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் அதே வார்த்தையைச் சொன்னவள். என் பெண், "சும்மா வாம்மா" என்று சொல்லியிருந்தால் வந்திருக்கமாட்டேன். அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து, "இந்த இடத்துல ஏழு நிமிஷம் நடக்கணும், இங்க லிஃப்ட் இருக்கு, இங்க உக்காந்துக்கலாம்" என்று விரல் வைத்துக் காட்டினாள். அதன் பிறகுதான் பாஸ்போர்ட்டைத் தேடினேன்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். ஐரோப்பிய விதிப்படி நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு விமான நிலையத்திலும் ரயிலிலும் உதவி உண்டு, கட்டணம் கிடையாது. விமானத்துக்கு 48 மணி, ரயிலுக்கு 24 மணி முன்பே சொல்லிவிடவேண்டும். சக்கர நாற்காலி என்றால் சிலருக்குக் கூச்சம் வரும். "அத்தை, வரிசையில நிக்கறதுக்குத்தான், ஊர் பாக்கறதுக்கு இல்லை" என்று சொல்லுங்கள். கிளம்புமுன் டாக்டரிடம் ஒருமுறை காட்டி, தினம் கொஞ்சம் நடக்கப் பழக்கிவிடுங்கள். நாளைக்கு ஓரிடம் என்று வைத்து, மத்தியானம் ஓய்வு கொடுங்கள். மூன்று வயதுக்காரிக்கும் அதேதான் வேண்டும். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து தூங்கட்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் அவர் 'வேண்டாம்' என்றால், அது அவருடைய சொந்த முடிவு, மதித்துவிடுங்கள். ஆனால் கேட்கவேண்டியவர் நீங்கள் மட்டுமல்ல. அந்தத் தாளை உங்கள் கணவர் கையில் கொடுத்து, அவரையே அம்மாவிடம் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். "அம்மா, நீ வந்தாத்தான் டிக்கெட் எடுப்பேன்" என்று மகன் சொல்லும்போது முழங்கால் வலி பாதி குறையும். அனுபவத்தில் சொல்கிறேன்.

என்ன முடிவானது என்று எழுதுங்கள். ஐந்து டிக்கெட்டா, நாலா என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.

அடுத்த இதழில்: பரீட்சைக் காலத்தில் குழந்தைகள் ஏன் சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார்கள்? உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதி அனுப்புங்கள்.