எர்ஷாத்தும் முடியாத வழக்குகளும்

பதவி போன சர்வாதிகாரிகள் பொதுவாக என்ன செய்வார்கள்? விமானம் ஏறி விடுவார்கள். பிலிப்பைன்ஸின் மார்க்கோஸ் ஹவாய்க்குப் போனார். உகாண்டாவின் இடி அமீன் கடைசியில் சவூதியில் போய்த் தங்கினார். வங்கதேசத்தின் ஹுசைன் முகமது எர்ஷாத் மட்டும் எங்கும் போகவில்லை. 1990 டிசம்பர் 6-ல் பதவி விலகினார், சில நாட்களிலேயே கைதானார். 1991 தேர்தலில் சிறைக்குள் இருந்தபடியே ரங்பூர் பகுதியில் ஐந்து தொகுதிகளில் நின்று ஐந்திலும் ஜெயித்தார்! 1996-லும் அதே ஐந்து.

இந்த மனிதரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோமாளி மாதிரிதான் காட்டுவார்கள். ஜனாதிபதியாக இருந்துகொண்டே கவிதை எழுதினார், காலையில் சொன்னதை மாலையில் மாற்றினார், இப்படி. சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் பதவி போன பிறகு இருபத்தெட்டு வருஷம் அவர் அப்படி மாற்றி மாற்றிப் பேசியதற்கு அவர் குணம் மட்டும் காரணம் இல்லை என்பது என் கட்சி. அவர் மேல் இருந்த வழக்குகள்தான் பெரிய காரணம். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த வழக்குகள் முடியாமல் இருந்ததுதான்.

முன்கதை சுருக்கமாக. ராணுவத் தளபதியாக இருந்தவர் 1982 மார்ச் 24-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனாதிபதி அப்துஸ் சத்தாரைத் தள்ளிவிட்டு ஆட்சியைப் பிடித்தார். 1986-ல் ஜாதியக் கட்சியை ஆரம்பித்தார். 1987 நவம்பரில் 'ஜனநாயகம் விடுதலை பெறட்டும்' என்று முதுகில் எழுதிக்கொண்டு ஊர்வலம் வந்த நூர் ஹொசைன் என்ற இளைஞர் டாக்காவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1988-ல் இஸ்லாமை அரசு மதம் ஆக்கினார். ஹசினாவும் காலிதா ஜியாவும் ஒரே பக்கம் நின்று போராடியது இவரை இறக்கத்தான்.

அப்புறம் எப்படி ரங்பூர் மக்கள் ஓட்டுப் போட்டார்கள் என்றால், அவர் அந்த ஊர்ப் பிள்ளை. டாக்காவில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்காத வடக்குப் பகுதி அது. நெல் அறுவடைக்கு முந்தைய மாதங்களில் கூலி வேலை இல்லாமல் பட்டினி கிடப்பார்கள், 'மொங்கா' என்றே அதற்கு ஒரு பேர் உண்டு. அங்கிருந்து போய் நாட்டையே ஆண்ட ஒருத்தரை டாக்காக்காரர்கள் ஜெயிலில் போட்டுவிட்டார்கள் என்றுதான் அவர்கள் பார்த்திருப்பார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை, ஆனால் புரிகிறது.

இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் அவர் மேல். 1996-ல் ஹசினா ஆட்சி அமைக்க எர்ஷாத்தின் எம்.பி.க்கள் ஆதரவு கொடுத்தார்கள். 1997 ஜனவரியில் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. 1999-ல் மனசு மாறி காலிதா ஜியாவின் கூட்டணிக்குப் போனார். 2000-ல் ஜனதா டவர் ஊழல் வழக்கில் ஐந்து வருஷ தண்டனை உறுதியானது. எம்.பி. பதவி போச்சு, மறுபடி சிறை. பிறகு அந்தக் கூட்டணியை விட்டு வெளியே வந்தார், கட்சி உடைந்தது. 2001 தேர்தலில் அவர் நிற்கவே முடியவில்லை. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள், நான் தனியாக எதுவும் சொல்லத் தேவையில்லை.

2013 டிசம்பர் இன்னும் விசேஷம். அடுத்த மாதம் தேர்தல், பெரிய எதிர்க்கட்சி புறக்கணிக்கிறது. நானும் புறக்கணிக்கிறேன் என்றார் எர்ஷாத். சில நாளில் பாதுகாப்புப் படையினர் வந்து அவரை ராணுவ மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். உடம்பு சரியில்லையாம். போட்டியிட மாட்டேன் என்று சொன்ன மனிதர் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே ரங்பூரில் ஜெயித்தார்! 2014 ஜனவரியில் மந்திரி அந்தஸ்தோடு பிரதமரின் சிறப்புத் தூதர் ஆனார். மனைவி ரௌஷன் எதிர்க்கட்சித் தலைவர். அதே கட்சிக்காரர்கள் சிலர் மந்திரிகள். எதிர்க்கட்சியும் அவர்களே, ஆளும் தரப்பும் அவர்களே.

காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தெரியும், ஒரு கம்பெனி மேல் வழக்கு நிலுவையில் இருந்தால் அதை பேலன்ஸ் ஷீட்டின் கடனில் சேர்க்காமல் கீழே குறிப்பில் போடுவோம், 'கன்டின்ஜென்ட் லயபிலிட்டி' என்று. வரலாம், வராமலும் போகலாம். எர்ஷாத்தின் வழக்குகள் அவருக்கு அப்படி. ஆனால் ஆட்சியில் இருந்த கட்சிக்கு அவை சொத்து. தண்டித்துவிட்டால் அவர் ரங்பூரில் தியாகி ஆகிவிடுவார், விடுவித்துவிட்டால் இஷ்டத்துக்குப் போவார். தொங்கவிட்டால்தான் லாபம்.

இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது மேஜர் ஜெனரல் மன்சூர் வழக்கில்தான். 1981 மே 30-ல் ஜனாதிபதி ஜியாவுர் ரஹ்மான் சிட்டகாங்கில் கொல்லப்பட்டார். பழி அங்கே படைத் தலைவராக இருந்த மன்சூர் மேல் விழுந்தது. பிடிபட்டு, காவலில் இருக்கும்போதே அவரும் கொல்லப்பட்டார். விசாரணையும் இல்லை, வாக்குமூலமும் இல்லை. அப்போது ராணுவத் தளபதி எர்ஷாத். மன்சூரின் சகோதரர் 1995-ல் வழக்குப் போட்டார், எர்ஷாத் முக்கியக் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டார். தனக்குத் தொடர்பில்லை என்றார் அவர். பத்தொன்பது வருஷம் இழுத்து, ஒரு வழியாக 2014 பிப்ரவரி 10 அன்று தீர்ப்பு என்று நாள் குறித்தார்கள். அதற்குச் சில நாள் முன்னால் நீதிபதி மாற்றப்பட்டார். புதிதாக வந்தவர் தீர்ப்பு சொல்லவில்லை, மேல்விசாரணைக்கு உத்தரவிட்டார். நீதிபதி மாற்றப்பட்டபோது எர்ஷாத் சிறப்புத் தூதர் ஆகி ஒரு மாதம்கூட முழுசாக ஆகியிருக்கவில்லை.

'ஊழல் செய்தவர் அலைக்கழிந்தால் உனக்கென்ன?' என்று கேட்பீர்கள். எர்ஷாத்துக்காக நான் அழவில்லை. ராடார் வாங்கிய ஊழல் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1992-ல் போட்டது, 2017-ல் விடுதலை. இருபத்தைந்து வருஷம்! அவர் நிரபராதி என்றால் அது அநியாயம். குற்றவாளி என்றால் பணம் போன நாட்டுக்கு அநியாயம். இரண்டில் எது என்று இப்போது யாராலும் நம்பிச் சொல்ல முடியாது, ஏனென்றால் விடுதலையான நேரத்தில் அவர் ஆளும் கட்சியின் கூட்டாளி.

இந்தப் பழக்கம் அவரோடு போகவும் இல்லை. காலிதா ஜியா 2018-ல் ஊழல் வழக்கில் சிறைக்குப் போனார். 2024 ஆகஸ்டில் ஹசினா இந்தியாவுக்கு ஓடிய மறுநாளே அவர் விடுதலை செய்யப்பட்டார். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிரபராதி என்றது. அதே வருஷம் நவம்பரில் ஹசினாவுக்கு, அவர் நாட்டில் இல்லாமலே, மரண தண்டனை. 2024-ல் சுடப்பட்டுச் செத்த மாணவர்களுக்கு நியாயம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆட்சி மாறும்போதெல்லாம் கோர்ட்டின் முடிவும் மாறுவதைப் பார்த்தே வளர்ந்த ஜனங்கள் அந்தத் தீர்ப்பை எப்படி நம்புவார்கள்?

எர்ஷாத் 2019 ஜூலை 14-ல் டாக்கா ராணுவ மருத்துவமனையில் இறந்தார். அப்போது அவர் எதிர்க்கட்சித் தலைவர். டாக்காவில் புதைக்கத்தான் ஏற்பாடு, ரங்பூர்க்காரர்கள் உடலைத் திருப்பி அனுப்ப மறுத்துவிட்டதால் அங்கேயே அடக்கம். மன்சூர் வழக்கில் அவர் குற்றவாளியா இல்லையா என்று கடைசிவரை எந்த நீதிபதியும் சொல்லவில்லை.