நாட் கிங் கோல் பணிந்து போனவரா?

அமெரிக்க இசையைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் நாட் கிங் கோலை இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். அருமையான ஜாஸ் பியானோ கலைஞர், பணத்துக்காக மெல்லிசைப் பாடகராகிப் போனார். கறுப்பின மக்கள் உரிமை கேட்டுத் தெருவில் இறங்கிய காலத்தில் வெள்ளையர் மனம் கோணாமல் சிரித்தபடி பாடிக்கொண்டிருந்தார். கலைக்கும் துரோகம், இனத்துக்கும் துரோகம் என்கிறார்கள். பார்க்க இரண்டு குற்றச்சாட்டு போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே அனுமானம்தான்: வெள்ளையர்கள் அவரை விரும்பிக் கேட்டார்கள், ஆகவே அவர் எதையோ விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். இந்த அனுமானம் அடியோடு தவறு. வெள்ளையர் வீட்டுக் கூடத்தில் அவர் குரல் ஒலித்ததையே நிறவெறியர்களால் பொறுக்க முடியவில்லை. பணிந்து போன ஒருவரை யாரும் அவ்வளவு வெறுப்பதில்லை.

முதலில் இசை. அலபாமாவின் மான்ட்கமரியில் 1919இல் பிறந்து சிகாகோவில் வளர்ந்த கோல், 1937இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அமைத்த மூவர் குழுவில் பியானோ, கிதார், பேஸ் மட்டுமே இருந்தன, டிரம்ஸ் கிடையாது. ஆஸ்கர் பீட்டர்சன் முதலான அடுத்த தலைமுறைப் பியானோ கலைஞர்கள் பின்பற்றிய அமைப்பு அது. ஆனால் அந்தக் குழுவிலேயே அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார். கேப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1943இல் பதிவு செய்த முதல் பெரிய வெற்றியே பாடல்தான். அது பாதிரியாரான தந்தையின் பிரசங்கத்தில் கேட்ட நாட்டுப்புறக் கதையிலிருந்து எழுந்தது. ஆகவே பியானோவை விட்டுப் பாட்டுக்குத் தாவினார் என்பது காலக்கணக்கிலேயே நிற்கவில்லை. 1948இல் 'நேச்சர் பாய்' நாடெங்கும் ஒலித்தபின் வயலின் கூட்டம் பின்னணியில் வந்தது உண்மை. ஆனால் புகழின் உச்சியில் இருந்த 1956இலேயே ஹாரி எடிசன், ஸ்டஃப் ஸ்மித் போன்ற ஜாஸ் கலைஞர்களோடு பியானோ முன் அமர்ந்து 'ஆஃப்டர் மிட்நைட்' இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதைக் கேட்டுவிட்டு அவருடைய மெதுவான காதல் பாடல்களுக்குத் திரும்பினால், பியானோவில் ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே விடும் அதே இடைவெளியைச் சொற்களுக்கு நடுவிலும் விடுவது காதில் விழும். டிரம்ஸ் இல்லாமலே தாளத்தைத் தாங்கப் பழகியவரின் பாட்டு அது.

இனி இரண்டாவது குற்றச்சாட்டு. இனத்தைக் காரணம் காட்டி வீடு விற்க மறுக்கும் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948 மே மாதம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கோல் லாஸ் ஏஞ்சல்ஸில் வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த ஹான்காக் பார்க்கில் வீடு வாங்கினார். அக்கம்பக்கத்தார் சங்கம் கூடி, வீட்டைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. வேண்டாதவர்கள் இங்கே குடிவருவதை விரும்பவில்லை என்று அவர்கள் சொன்னபோது, தானும் விரும்பவில்லை என்றும், அப்படி யாராவது வந்தால் முதலில் புகார் செய்வது தானே என்றும் கோல் பதில் சொன்னார். வீட்டு நாய்க்கு விஷம் வைத்தார்கள். புல்வெளியில் இழிசொல்லைத் தீயால் எழுதினார்கள். அவர் குடும்பத்தோடு அங்கேயே இருந்தார். 1965இல் நுரையீரல் புற்றுநோயால் 45 வயதில் இறக்கும்வரை அதுதான் அவர் வீடு.

கோலை எதிர்ப்பவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டுவது அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் நடந்த நிகழ்ச்சியை. 1956 ஏப்ரல் 10 அன்று அந்நகர அரங்கில் வெள்ளையருக்கென்று தனியாக நடந்த காட்சியில், இனப்பிரிவினையைக் காக்க முனைந்த வெள்ளையர் குடிமக்கள் மன்றத்தைச் சேர்ந்தவர்கள் மேடையேறி அவரைக் கீழே தள்ளினார்கள். அந்தக் காட்சி அத்துடன் நின்றது; ஆனால் அன்றிரவே கறுப்பினத்தவருக்கான அடுத்த காட்சியில் பாடினார். பிறகு, தான் ஒரு கலைஞன் மட்டுமே என்ற தொனியில் அவர் பேசியது பலரைக் கொதிக்க வைத்தது. ஹார்லெமில் அவருடைய இசைத்தட்டுகளை ஒதுக்கினார்கள். பிரித்து உட்காரவைத்த அரங்கில் பாடியது பிரிவினைக்கு ஒப்புதல் கொடுத்ததாகாதா என்ற அந்தக் கேள்வி நியாயமானது. தெற்கே பயணம் போன கறுப்பினக் கலைஞர்கள் பலரும் அப்படித்தான் பாடினார்கள் என்பது விளக்கம்தானே தவிர, நியாயம் ஆகாது. அன்றைக்கு அவர் பேசியதும் பலவீனமான பேச்சே. ஆனால் அந்தச் சில நாட்களை வைத்து ஒரு வாழ்க்கைக்கே தீர்ப்பெழுதுவது எந்த நீதி? விமர்சனம் எழுந்த கையோடு கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பில் கட்டணம் செலுத்தி ஆயுள் உறுப்பினரானார்; பேருந்துகளில் இனப்பிரிவினையை எதிர்த்து நடந்த மான்ட்கமரிப் பேருந்துப் புறக்கணிப்புக்குத் தான் பணம் கொடுத்திருப்பதையும் பத்திரிகை வழியாகத் தெரிவித்தார். கண்டனத்தைக் கேட்டு நடந்துகொண்டவர் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அடிபட்ட ஏழே மாதத்தில், 1956 நவம்பரில், என்.பி.சி. தொலைக்காட்சியில் தன் பெயரிலேயே வாராந்திர நிகழ்ச்சி தொடங்கினார். முதலில் 15 நிமிடம், அடுத்த கோடையிலிருந்து அரை மணி நேரம். மாநிலம் மாநிலமாக மேடையேறியபோது ஓர் ஊரின் வெறியர்களுக்குத்தான் கண்ணில் பட்டார்; இப்போது வாராவாரம் நாடு முழுதும் வீட்டுக்குள் வந்தார், அதுவும் விருந்தாளியாக அல்ல, விருந்தளிப்பவராக. எல்லா ஃபிட்ஜெரால்ட், ஹாரி பெலஃபான்டே, பெக்கி லீ போன்ற பாடகர்கள் தொழிற்சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்கு வந்து பாடிக்கொடுத்தார்கள். அப்படியும் நாடு முழுமைக்குமான விளம்பரதாரர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. தெற்கில் தங்கள் சரக்கை வாங்கமாட்டார்கள் என்று நிறுவனங்கள் அஞ்சின. செலவை என்.பி.சி.யே சுமந்தது. 1957 டிசம்பரில் நிகழ்ச்சி நின்றது.

தோற்றுப்போன முயற்சிதானே, அதில் என்ன எதிர்ப்பு இருக்கிறது என்று கேட்கலாம். அது எப்படி நின்றது என்பதில் இருக்கிறது. நிறுத்தியவர் கோல்தான், நிறுத்திய பிறகு சும்மா இருக்கவும் இல்லை. 1958 பிப்ரவரி 'எபனி' இதழில் தன் பெயர் போட்டே கட்டுரை எழுதினார். என்.பி.சி.மீது பழி போடவில்லை; விளம்பரத் தொழிலை நேராகக் குற்றம் சாட்டினார். விளம்பர நிறுவனங்களின் தெருவான நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவுக்கு இருட்டைக் கண்டால் பயம் என்று அவர் சொன்னது இந்த அனுபவத்திலிருந்துதான். அவர் இசைத்தட்டு விற்பனையும் வானொலிப் புகழும் விளம்பரப் பணத்தோடு பிணைந்தவை. பிழைப்பு யார் கையில் இருந்ததோ அவர்களைப் பார்த்துத்தான் அதை எழுதினார்.