24 புள்ளியும் ஒரு கிணறும்

போன மாதம் என் மகள் வயிற்றுப் பேரன் நாச்சியாபுரம் வந்திருந்தான். பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வந்த மறுநாள் காலையில், நான் காபி குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, ஒரு காகிதத்தை நீட்டினான். புது டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்குக் காரைக்குடிக் கடை ஒன்றில் வாங்கிய விலைப்பட்டியல். முதல் வரியில் பிராசசர். பக்கத்தில் 24 கோர் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான்.

"24 எதுக்குடா ராசா?" என்றேன்.

"இப்போதைக்கு அதுதான் ஐயா அதிகம். அந்தக் கம்பெனிக்காரன் 16தான் தர்றான். இவன் 24 தர்றான்."

"அது சரி. உனக்கு எதுக்கு 24?"

பதில் இல்லை. காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் தேடிப் படித்தேன். பேரப்பிள்ளைகளின் கம்ப்யூட்டருக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள்தான் என்பதால், தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன்.

முதலில் கோர் என்றால் என்ன? நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கல்யாணமான மகனை அதே வளவு வீட்டுக்குள் வேறு வைத்துவிடுவது நம் வழக்கம். வீடு ஒன்று, கிணறு ஒன்று, முற்றம் ஒன்று. ஆனால் அறை தனி, அடுப்பு தனி, கணக்கு தனி. அவன் ஒரு புள்ளி. ஒரு பிராசசருக்குள் இருக்கும் கோர்களும் இப்படித்தான். ஒவ்வொன்றும் தனியாகக் கணக்குப் போடும். நினைவகத்துக்குப் போகும் பாதையும் மின்சாரமும் எல்லாருக்கும் பொது.

ஆரம்பத்தில் ஒரே புள்ளிதான். இன்டெல் 1968லும் ஏஎம்டி 1969லும் தொடங்கிய கம்பெனிகள். வெகுகாலம் இவர்களுடைய போட்டி வேகத்தில்தான் இருந்தது. 2000ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் தேதி ஏஎம்டி 1 கிகாஹெர்ட்ஸ் பிராசசரை அறிவித்தது. இரண்டே நாளில், 8ஆம் தேதி, இன்டெலும் அறிவித்தது. அந்த ஓட்டம் சூட்டில் போய் முட்டி நின்றது. 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை வந்த பென்டியம் 4ஐ 4 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை 2004 அக்டோபரில் இன்டெல் கைவிட்டது. ஒரு அடுப்பை மேலும் மேலும் எரியவிட முடியாது என்றானதும், அடுத்த வழி இன்னொரு அடுப்பு. 2005 மே மாதத்தில் இரண்டு கம்பெனியும் டெஸ்க்டாப்புக்கு இரட்டைக் கோர் கொண்டுவந்தன. அன்றிலிருந்து போட்டி எண்ணிக்கைக்கு மாறியது.

எண்ணிக்கை என்று வந்துவிட்டால் எதைப் புள்ளியாக எண்ணுவது என்ற வழக்கும் வரத்தானே செய்யும்? 2011இல் ஏஎம்டி 8 கோர் என்று ஒரு பிராசசரை விற்றது. அதில் இரண்டிரண்டு கோர்களுக்குத் தசமக் கணக்குப் போடும் பகுதி ஒன்றுதான். இரண்டு மருமகள்களுக்கு ஒரே ஆட்டுக்கல் கொடுத்துவிட்டு இரண்டு சமையலறை என்று சொன்ன மாதிரி. 2015இல் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். 2019இல், தவறு என்று ஒப்புக்கொள்ளாமலே, 1.21 கோடி டாலர் கொடுத்து ஏஎம்டி அதைத் தீர்த்துக்கொண்டது.

அந்தப் பிராசசர் சோபிக்கவில்லை. ஏஎம்டி தேய்ந்தது. 2015இல் அதன் பங்கு 2 டாலருக்கும் கீழே போனது. எதிரி படுத்துவிட்டால் ஜெயித்தவன் என்ன செய்வான்? இன்டெலின் சாதாரண டெஸ்க்டாப் பிராசசரில் 2007இலும் அதிகபட்சம் 4 கோர், 2017 தொடக்கத்திலும் 4 கோர். பத்து வருடம். இடையில் வேகம் கொஞ்சம் கூடியது, மின்சாரச் செலவு குறைந்தது, உண்மைதான். ஆனால் 8 கோர் வேண்டுமென்றால் 2016இல் இன்டெல் அதற்குச் சொன்ன விலை ஆயிரம் டாலருக்கு மேல்.

2017 மார்ச்சில் ஏஎம்டி ரைசன் என்ற பெயரில் எழுந்து வந்தது. 8 கோர், விலை 499 டாலர். அதிலேயே சற்று வேகம் குறைந்த 8 கோர் 329 டாலர். பத்து வருடம் அசையாத இன்டெல் அதே அக்டோபரில் 6 கோர் கொடுத்தது. அடுத்த அக்டோபரில் 8. ஏஎம்டி 2019இல் 12 கொடுத்து, அந்த வருடம் முடிவதற்குள் 16ஐயும் கொடுத்தது. கடைத்தெருவில் ஒரே கடை இருந்தால் என்ன நடக்கும், எதிரில் இன்னொரு கடை திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அந்த 16 கோரை வாங்காதவனுக்கும் இதில் லாபம் உண்டு. நேற்று ஆயிரம் டாலருக்கு விற்றது இன்று நடுத்தர விலைக்கு இறங்கிவிட்டதே.

ஆகவே போட்டி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் சண்டையெல்லாம் அந்த எண்ணோடுதான்.

பேரன் கோடு போட்ட 24ஐப் பாருங்கள். அதில் 8தான் பெரிய கோர். மீதி 16ம் சின்னக் கோர், அதாவது மின்சாரமும் இடமும் குறைவாக எடுத்துக்கொண்டு மெதுவாக வேலை செய்பவை. பெரியதும் சின்னதுமாகக் கலப்பதை இன்டெல் டெஸ்க்டாப்பில் பரவலாக்கியது 2021இல். அது ஏமாற்று இல்லை. நல்ல யோசனைதான். ஆனால் ஏஎம்டியின் 16ஐயும் இன்டெலின் 24ஐயும் பக்கத்தில் வைத்து எட்டு அதிகம் என்று கழித்துப் பார்ப்பது கணக்காகாது. தேங்காயையும் எலுமிச்சம்பழத்தையும் சேர்த்து எண்ணிவிட்டு, என்னிடம் 24 காய் இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம்.

சரி, 24ம் பெரிய கோராகவே இருந்தாலும் வேலை 24 மடங்கு வேகமாக நடக்குமா? இதற்கு 1967இலேயே ஐபிஎம்மில் இருந்த ஜீன் ஆம்டால் என்பவர் பதில் சொல்லிவிட்டார். நம் விசேஷ வீட்டுச் சமையலில் வைத்துப் பார்க்கலாம். ஒரே ஆள் செய்தால் மொத்தம் 10 மணி நேர வேலை. அதில் 5 மணி நேரம் காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, பலகாரம் பிடிப்பது. இதை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பங்கு போடலாம். மீதி 5 மணி நேரம் ஒன்று முடிந்தால்தான் இன்னொன்று என்று அடுப்பில் வேகும் வேலை. 4 பேர் வந்தால் 6 மணி 15 நிமிடத்தில் முடியும். 8 பேர் என்றால் சுமார் 5 மணி 37 நிமிடம். 24 பேர் வந்தால்? சுமார் 5 மணி 12 நிமிடம். பதினாறு ஆள் கூடுதலாக வைத்ததில் மிச்சம் 25 நிமிடம். நூறு பேர் வந்தாலும் 5 மணிக்குக் கீழே வராது. உலை தன் நேரத்தில்தான் கொதிக்கும்.

பங்கு போடக்கூடிய வேலைக்கு 24 கோரும் உழைக்கும். நீளமான வீடியோவைச் சுருக்குவது, முப்பரிமாணப் படம் வரைவது, பெரிய மென்பொருளைத் தொகுப்பது போன்றவை. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ரயில் டிக்கெட் போடுகிறார்களே, அந்தப் பக்கம் இருக்கும் சர்வர்களுக்கும் கோர் நிறையத் தேவை. ஒவ்வொருவர் வேலையும் தனித்தனி என்பதால் பங்கு போடுவது எளிது. 2008இல் வந்த இன்டெலின் 6 கோர் சர்வர் பிராசசர், 190 கோடி டிரான்சிஸ்டர் கொண்டது, நம் பெங்களூரில் வடிவமைக்கப்பட்டது. இதைப் படித்தபோது உள்ளபடியே பெருமையாக இருந்தது. ஆனால் நம் வீட்டில் நடப்பது கடிதம் தட்டுவது, வங்கிக் கணக்குப் பார்ப்பது, யூடியூபில் கச்சேரி கேட்பது. இதற்கு 4 கோரே தாராளம்.

கூடுதல் எண்ணுக்கு வேறு விலையும் உண்டு. 2017இன் அந்த 4 கோர் பிராசசரின் மின் அளவு 91 வாட். 2022இல் வந்த 24 கோர், முழு மூச்சில் ஓடும்போது 253 வாட் வரை இழுக்கும். மூன்று மின்விசிறி ஓடுகிற கணக்கு. சித்திரை வெயிலில் அந்தச் சூடும் அறைக்குள்தான் வரும். 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள் சில, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தன. கம்பெனியே ஒப்புக்கொண்டு உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. முந்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று கடைசி மூச்சு வரை விரட்டினால் இப்படித்தான் ஆகும் என்பது என் எண்ணம்.

மூன்றாம் நாள் பேரனை உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் என்னென்ன செய்வாய் என்று எழுதச் சொன்னேன். கல்லூரிப் புரோகிராம், புராஜெக்ட், படம். கடைசியில் சின்ன எழுத்தில் கேம். நான் சிரித்தேன், அவனும் சிரித்தான். கேமுக்கு 24 கோரைவிட, பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகம் பெரிதாக உள்ள 8 கோர் பல நேரம் நன்றாக ஓடும் என்பதை அவனே தேடிக் கண்டுபிடித்துச் சொன்னான். பக்கத்திலேயே ஒரு சேந்தி இருந்தால், அரிசிக்கு ஒவ்வொரு தடவையும் கடைக்கு ஓட வேண்டியதில்லையே.

கடைசியில் 8 கோர் வாங்கினோம். மிச்சமான பணத்தில் ராமை இரண்டு மடங்காக்கி, நல்ல எஸ்.எஸ்.டி. ஒன்றும், நம் ஊர்க் கரண்டுக்கு ஒரு யுபிஎஸ்ஸும் போட்டோம். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இன்டெலுக்கு ஒரு கட்சி, ஏஎம்டிக்கு ஒரு கட்சி என்று பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். 2015இல் ஏஎம்டி படுத்துக் கிடந்தது. இப்போது இன்டெல் சறுக்கி, 2025இல் அமெரிக்க அரசே சுமார் 10 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்தது. இரண்டில் ஒன்று கடையை மூடினால், மற்றது மறுபடியும் பத்து வருடம் தூங்கப் போய்விடும். அந்தத் தூக்கத்துக்கு வாடகை கொடுப்பது நாம்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் விலைப்பட்டியலோடு வந்து நின்றால் ஒரேயடியாக மறுக்காதீர்கள். கேட்டவுடன் கொடுத்தும் விடாதீர்கள். ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, என்ன வேலை என்று எழுதச் சொல்லுங்கள். சின்ன எழுத்தில் எழுதுவதையும் சேர்த்துப் படியுங்கள்.