சின்னத் துளைக்கு என்ன அவசரம்?



திருப்பூரில் ஓவர்லாக் தைக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் கொமரலிங்கம் வந்திருந்தான். கழுத்தில் பிடித்த வலி தோள் வழியாக இறங்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போகிறதாம். இரண்டு வாரம்தான் ஆகிறது. டாக்டர் மருந்தும் பிசியோதெரபியும் எழுதியிருக்கிறார். இவனோ, "துளை போட்டுச் செஞ்சுட்டா சீக்கிரம் வேலைக்குப் போலாமே சார்" என்கிறான். போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை, அவன் அவசரம் புரிகிறது. ஆனாலும் டாக்டர் சொன்னதுதான் சரி என்பேன்.

ஜவ்வு பிதுங்கியோ எலும்பு வளர்ந்தோ, கைக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரங்களில் கத்தியில்லாமலே குறைந்துவிடும். குறையாவிட்டால் சிறுதுளை அறுவை நல்ல வழிதான். பின்கழுத்தில் சுமார் 2 செ.மீ. கீறி, நரம்பு வெளிவரும் வாசலை அகலப்படுத்துவார்கள். பிளேட், ஸ்குரூ கிடையாது. ஆனால் தண்டுவடமே அழுந்தியிருந்தால் பெரும்பாலும் வேறு அறுவைதான்.

அமெரிக்கக் கால்பந்து வீரர் பெய்ட்டன் மானிங்குக்கு 2010இல் சிறுகீறல் அறுவை நடந்தது. 2011 மே மாதம் மறுபடி. செப்டம்பரில் எலும்புகளை இணைக்கும் அறுவை. அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. பணத்துக்கோ டாக்டருக்கோ அவருக்கு என்ன குறை?

அதற்காகப் பயந்து தள்ளிப்போடவும் கூடாது. கையில் பிடிமானம் போய்க் கத்தரி நழுவினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் அடங்காவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று. சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கெடுக்கச் சொல்லாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

பையன் முனகிக்கொண்டேதான் பஸ் ஏறினான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன் என்றிருக்கிறான்.