பெயரை மறைத்த எழுத்தாளர்

வீட்டில் மங்கா படிக்கும் பிள்ளைகள் இருந்தால் ‘டெத் நோட்’ என்ற பெயர் உங்கள் காதில் விழுந்திருக்கும். ஜப்பானின் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் 2003 முதல் 2006 வரை வந்த தொடர் அது. 108 அத்தியாயங்கள், 12 தொகுப்புகள். கதை முடிந்த சில மாதங்களில் 13ஆவதாக இன்னொரு நூலும் வந்தது. அது கதையல்ல, கதைக்கான கையேடு. ஆங்கிலத்தில் 2008இல் வெளியானது.

சுங்கை பெசார் பக்கம் அப்போது அதெல்லாம் கிடைக்காது. கோலாலம்பூர் போகிறவர்களிடம் சொல்லி வைத்துத்தான் வாங்கினேன். அண்மையில் அதை மறுபடியும் எடுத்துப் படித்தேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவருடைய முகத்தை மனத்தில் நினைத்து, அவருடைய உண்மைப் பெயரை ஒரு நோட்டில் எழுதினால் அவர் இறந்துவிடுவார். அந்த நோட்டு லைட் யாகாமி என்ற மாணவன் கையில் கிடைக்கிறது. அவனைத் தேடும் துப்பறிவாளர் ‘எல்’. அவர் முகத்தையும் காட்டமாட்டார், பெயரையும் சொல்லமாட்டார். 12 தொகுப்புகளிலும் அவருடைய உண்மைப் பெயர் வராது. அதைச் சொன்னது இந்தக் கையேடுதான். என்னைப் போன்றவர்கள் அதை வாங்கியதே அதற்காகத்தான்.

கதாபாத்திரங்களின் பிறந்த தேதி, உயரம், பிடித்தவை எல்லாம் இதில் இருக்கின்றன. ‘எல்’ பிறந்தது 1979 அக்டோபர் 31. புத்திக்கூர்மைக்குக்கூட மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். இந்த முறை என் கவனம் போனது கதாசிரியர் சுகுமி ஓபா மீது. ஓவியர் தகேஷி ஓபாதாவை எல்லாருக்கும் தெரியும். ஓபா என்பதோ புனைபெயர். கதை எப்படி உருவானது என்று நேர்காணலில் விரிவாகப் பேசுகிறார். ஆனால் அவர் யார் என்பது இன்றுவரை அதிகாரபூர்வமாக அறிவிக்கப்படவில்லை. பெயரும் முகமும் தெரிந்தால் ஆபத்து என்று கதை எழுதியவர், தம் பெயரையும் முகத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டார்!

பள்ளி வயதில் இது கதையின் சுவாரசியம். இன்று இது அன்றாட விஷயம்.

நம் அடையாள அட்டை எண்ணையே பாருங்கள். 12 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். சிலாங்கூர் என்றால் 10. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். கையேட்டில் ஒரு பக்கம் பிடிக்கும் விவரம் நம் கையில் ஒரே வரியில் இருக்கிறது. அந்த எண்ணைச் சரியாகச் சொல்லி, “போலீஸ் பேசுகிறேன், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது” என்று தொடங்கும் மோசடி அழைப்புகளில் பணத்தை இழந்தவர்கள் எத்தனையோ பேர்.

தோட்டத்தில் நம் பெரியவர்கள் பெயரை இப்படி வாரி இறைக்கவில்லை. பல பேருக்குப் பட்டப்பெயர்தான் பெயர். பதிவுப் பெயர் பிறப்புப் பத்திரத்தோடு டின்னுக்குள் இருக்கும். நாமோ பிள்ளையின் படம், முழுப் பெயர், பள்ளி, பிறந்தநாள் என எல்லாவற்றையும் முகநூலில் போட்டுவிடுகிறோம். குடும்பப் புலனக் குழுவில் சான்றிதழை அப்படியே படம் பிடித்து அனுப்புகிறோம். அது எத்தனை குழுக்களுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் நடப்புக்கு வந்தது. அது கட்டுப்படுத்துவது வணிக நிறுவனங்களை. குடும்பத்துக்குள் நாமே பகிர்ந்துகொள்வதை அது தடுக்காது. அங்கே காவல் நாம்தான்.

பிள்ளை பரிசு வாங்கினால் படத்தைப் போடுங்கள், பெருமைப்படுங்கள். சான்றிதழில் இருக்கும் எண்ணை மட்டும் விரலால் மறைத்துவிட்டுப் படம் எடுங்கள். மோசடியில் சிக்கிப் பணம் போனால் தாமதிக்காமல் 997 எண்ணுக்கு அழையுங்கள்.

‘எல்’ அவர்களின் உண்மைப் பெயரா? கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதப் போவதில்லை.